அட்டையில் எழுதிய முகடு

அத்தியாயம் 7

ரப்பர் பூட்ஸுக்குள் ஒரு எலி குடித்தனம் நடத்திக்கொண்டிருந்தது.

தோரா லிண்ட்குவிஸ்ட் டார்ச்சை இன்னும் கிட்டே கொண்டுபோனாள். ஆரின் டெக்கரின் பழைய பிக்கப் வண்டி. பின்தட்டில், கருவிப் பெட்டியை ஒட்டி, தொடை வரை ஏறும் ரப்பர் பூட்ஸ் ஒரு ஜோடி கிடந்தது. இடது பூட்ஸுக்குள் பைன் ஊசிகள், கிழிந்த துணி, பஞ்சு எல்லாம் சேர்த்து அழகாக ஒரு கூடு. கூட்டுக்குள்ளிருந்து இரண்டு கறுப்புக் கண்கள் அவளைப் பார்த்தன.

"வெர்ன், இங்க வாங்க. இதப் பாருங்க."

வெர்ன் ஹாஸ்கெட் தன் கோவேறு கழுதையை இழுத்துக்கொண்டு வந்தார். ஐம்பத்தெட்டு வயது, மீசையெல்லாம் பனி. மலைக்கு மேலே சாமான் ஏற்றுவது அவர் தொழில். இந்த வேட்டை சீசன் முழுக்க வேட்டைக் காவலரான தோராவுக்கு உதவியாள். கழுதையின் பெயர் ஜட்ஜ். எந்த விஷயத்துக்கும் உடனே முடிவு சொல்லாமல் உட்கார்ந்து யோசிக்கும் என்பதால் அந்தப் பெயர்.

அவர் பூட்ஸுக்குள் எட்டிப் பார்த்தார். "கைது பண்ணப் போறியா ஆபீசரம்மா? மொதல்ல லைசென்ஸ் கேளு."

"விளையாடாதீங்க. இந்த பூட்ஸ் ஒரு மாசமா நகரவே இல்ல."

"அதுக்கென்ன?"

தோரா பதில் சொல்லாமல் வண்டியின் முன்பக்கம் போனாள். வைப்பருக்கு அடியில் ஒரு அட்டை. வேட்டைக்காரர்களின் மரியாதை அது. பொதுக் காட்டுக்கு முதலில் வருகிறவன் தான் போகும் இடத்தை எழுதி வைப்பான். பிறகு வருகிறவன் அதைப் படித்துவிட்டு வேறு பக்கம் போவான். ஆரின் பெரிய எழுத்தில் எழுதியிருந்தார்: ‘கோல்ட் ஓடை, இடது முகடு. வியாழன். ஆரின்.’

இன்று சனிக்கிழமை. காலை மணி பத்து. நன்றித் திருநாளான வியாழனன்று விடிவதற்கு முன்னால் போன மனிதர், மூன்று மணிக்கு வந்து விருந்து வான்கோழியைத் துண்டு போடுவதாகச் சொன்னவர், இரண்டு ராத்திரியாக வீடு திரும்பவில்லை. முப்பத்தோரு பேர் கோல்ட் ஓடையின் இடது முகட்டைச் சல்லடை போட்டுச் சலித்துக்கொண்டிருந்தார்கள். நாலு மணிக்குப் பனிப்புயல் என்று ரேடியோ கத்திக்கொண்டே இருந்தது. புயல் வந்தால் செவ்வாய் வரை யாரும் மேலே போக முடியாது. செவ்வாய்க்கிழமை தேடப்போவது ஆளை அல்ல, உடலை.

"இடது முகட்டுக்குப் போகணும்னா ஓடையத் தாண்டணும்," என்றாள் தோரா. "பாலம் கிடையாது. தொடையளவு தண்ணி, இன்னும் உறையல. தேடப் போனவங்க கயிறு கட்டித் தாண்டுறாங்க. ஆரினோட பூட்ஸ் இங்க இருக்கு, எலியோட."

வெர்ன் மீசைப் பனியைத் தட்டினார். "அப்போ அட்டை பொய்."

"இருக்கலாம்."

"இருக்கலாமா? இந்த மாவட்டத்துல மான் வேட்டைக்காரன் தன் எடத்தப் பத்தி உண்மை சொன்னதா சரித்திரமே கிடையாது. பாதிரியார்கிட்ட பாவமன்னிப்புக் கேக்கும்போதுகூட பக்கத்து ஓடை பேரத்தான் சொல்லுவான்."

தோரா சட்டைப்பையிலிருந்து நோட்டை எடுத்து எழுதினாள். 10.05. பூட்ஸ். எலி. எழுதியதை அடிக்கோடு போட்டாள். பிறகு அந்தக் கோட்டை அழிக்கலாமா என்று யோசித்தாள். போன நவம்பரில், குளிர்காலத்துக்காக நாடே கடிகாரங்களை ஒரு மணி நேரம் பின்னால் திருப்ப வேண்டிய ஞாயிறன்று, தன் கடிகாரத்தை மட்டும் திருப்ப மறந்துவிட்டு, வேட்டை நேரம் முடிந்த பிறகு சுட்டதாக ஒரு நல்ல மனிதருக்கு அபராதச் சீட்டு கிழித்துக் கொடுத்தவள் அவள். மாவட்ட வாரப் பத்திரிகை அதை முதல் பக்கத்தில் போட்டது, கடிகாரப் படத்தோடு. அன்றிலிருந்து, நிச்சயமாகத் தெரியாத எதையும் அவள் வாயால் சொல்வதில்லை.

ஆனால் இன்றைக்கு நாலு மணி வரைதான் நேரம்.

தேடலை நடத்திய மாவட்டக் காவல் தலைவர் ஷெரீப் லூபெக் வரைபடத்தின் மேல் குனிந்து நின்றிருந்தார். அவள் சொன்னதை முழுக்கக் கேட்டார். அதற்கு நன்றி சொல்ல வேண்டும்.

"தோரா, ரெண்டு எடத்துல ஒரே பேரு எழுதியிருக்கு. அட்டையில ஒண்ணு. பொண்டாட்டிகிட்ட ஒட்டிக் குடுத்துட்டுப் போன கவர்ல ஒண்ணு. அந்தாளு உயிருக்கு ஆபத்துன்னா மட்டும் பிரிக்கச் சொன்ன கவரு. அதுலயும் பொய் எழுதுவானா? ஒரு எலிக்காக முப்பத்தோரு பேரத் திருப்பச் சொல்றியா?"

"எலி மட்டும் இல்ல, பூட்ஸ்..."

"எங்க இல்லன்னு சொல்லாத. எங்கன்னு சொல்லு. அடுத்த நிமிஷம் ஆள் அனுப்பறேன்."

அது நியாயமான பேச்சு. அதனால்தான் எரிச்சலாக இருந்தது.

ஆரினின் மனைவி ஆர்டிஸ் டெக்கர், தேடுபவர்களுக்காகப் போட்ட கூடாரத்தில் காபி ஊற்றிக்கொண்டிருந்தாள். தேடப் போனவர்கள் எல்லாரும் குடித்துவிட்டுப் போய்விட்டார்கள். இருந்தும் அவள் காகிதக் கோப்பைகளை வரிசையாக வைத்து நிரப்பிக்கொண்டே இருந்தாள்.

"குடி கண்ணு. ஆறிடும்."

தோரா ஒன்றை எடுத்துக்கொண்டாள். "அந்தக் கவரப் பத்திக் கேக்கணும், ஆர்டிஸ்."

"முப்பத்தி நாலு வருஷமா சீசன் மொத நாள் ஒரு கவர் எழுதி மாவு டப்பாவுல வைப்பாரு. சீசன் முடிஞ்சதும் பிரிக்காம அடுப்புல போடுவேன். எங்க போறாருன்னு எனக்கே தெரியாது. தெரிஞ்சிக்கவும் ஆசப்பட்டதில்ல." கோப்பை வழிந்து மேசையில் கொட்டியது. "நேத்துதான் மொதத் தடவையா பிரிச்சேன்."

"வேற யாராவது எப்பவாவது பிரிச்சாங்களா?"

ஆர்டிஸ் துணியால் மேசையைத் துடைத்தாள். துடைத்த இடத்தையே மறுபடி துடைத்தாள்.

"பிரிக்கல," என்றாள். "மூணு வருஷத்துக்கு முன்ன, என் தம்பி கேலன், சமையலறை விளக்குல தூக்கிப் பிடிச்சுப் பாத்தான். நான் கதவுகிட்ட நின்னேன். பாத்தும் பாக்காத மாதிரி போயிட்டேன். தம்பியாச்சே."

"ஆரினுக்குத் தெரியுமா?"

"இந்த ஈஸ்டருக்கு நானே சொல்லிட்டேன். மனசுல வெச்சுக்க முடியல. ஒரு வார்த்தை பேசல மனுஷன். எழுந்து போயி மூணு மணி நேரம் விறகு பொளந்தாரு."

தோரா கோப்பையைக் கீழே வைத்தாள். அதன் பிறகு பேச வேண்டியதை எப்படிப் பேசுவது என்று தெரியவில்லை. ஆர்டிஸே பேசிவிட்டாள். குரல் சின்னதாகிப்போயிருந்தது.

"அப்போ இந்த வருஷக் கவர் எனக்கு எழுதினதில்ல. கேலன் பாப்பான்னு எழுதினது."

வெளியே ஜட்ஜ் மூக்கால் ஊதியது.

கேலன் ப்ரூயிட் தேடுதல் கூட்டத்தின் முன்னணியில் இருந்தான். ஓடையை முதலில் தாண்டியவன் அவன். நேற்று மதியத்திலிருந்து உட்காரவே இல்லை என்று எல்லாரும் சொன்னார்கள். தோரா ரேடியோவில் அவனைப் பிடித்தாள். உன் மச்சான் உண்மையில் வேட்டையாடுகிற இடம் உனக்குத் தெரியுமா?

கரகரப்புக்கு நடுவே பதில் வந்தது. "எனக்கு எப்படித் தெரியும்? அட்டையில எழுதியிருக்குல்ல. நாங்க இங்க தேடிக்கிட்டு இருக்கோம், தொந்தரவு பண்ணாதீங்க."

வெர்ன் தொப்பியைப் பின்னால் தள்ளினார். "போன வருஷம் கேலன் பெரிய கொம்பு மான் ஒண்ண அடிச்சானே, ஞாபகம் இருக்கா? சாயர் மேட்டுல அடிச்சேன்னு ஊரெல்லாம் சொன்னான். படம் கீழ ஊர்ல, டாட்டோட மதுக்கடையில தொங்குது."

"வண்டிய எடுங்க."

"ஜட்ஜ் கோவிச்சுக்கும்."

"வெர்ன்!"

"எடுக்கறேன், எடுக்கறேன்."

பதினெட்டு நிமிஷத்தில் கீழே ஊரில் இருந்தார்கள். அந்தப் பதினெட்டு நிமிஷமும் தோராவின் வலது குதிகால் வண்டித் தரையைத் தட்டிக்கொண்டே இருந்தது. வானம் மேற்கில் ஈயத் தகடு மாதிரி இறங்கியிருந்தது.

டாட்டின் மதுக்கடையில் அந்த நேரத்துக்கு ஆள் இல்லை. சுவர் முழுக்க மான் படங்கள். ஒவ்வொன்றிலும் ஒருவன் கொம்பைப் பிடித்துக்கொண்டு சிரித்தான். ஒவ்வொன்றிலும் பின்னணி காணாமல் போயிருந்தது. ஒன்றில் மலைமுகடு இருந்த இடத்தைக் கத்தரித்து எடுத்திருந்தார்கள். ஒன்றில் பேனாவால் கிறுக்கியிருந்தது. முகடு தெரிந்தால் இடம் தெரிந்துவிடும். ஒரு புத்திசாலி, மானை வீட்டுக்குக் கொண்டுவந்து, கார் கொட்டகையில் வைத்துப் படம் எடுத்திருந்தான்.

"இதெல்லாம் மான் படமா, தேடப்படும் குற்றவாளி படமான்னு எனக்கே சந்தேகம்," என்றாள் கடைக்காரி டாட். "எது வேணும்?"

"கேலனோடது."

டாட் அதைக் கழற்றிக் கொடுத்தாள். மேல்பாதி கத்தரிக்கப்பட்டிருந்தது. மிச்சம் இருந்தது கேலனின் ஆரஞ்சுத் தொப்பி, சிரிப்பு, மானின் கழுத்து, முதுகு. தோரா படத்தை ஜன்னலுக்குக் கொண்டுபோய் மூக்குக்கு நேரே பிடித்தாள்.

தொப்பியின் விளிம்பில் மெல்லிய மஞ்சள் கீறல்கள். மானின் முதுகு மயிரிலும் அதே கீறல்கள்.

"கண்ணாடியில தூசுன்னு நெனச்சு நானும் நாலு தடவ தொடச்சுட்டேன்," என்றாள் டாட். "போகவே இல்ல."

"போகாது. அது படத்துக்குள்ள இருக்கு." தோராவின் குரல் அவளுக்கே வேகமாகக் கேட்டது. "லார்ச் மரத்தோட ஊசி இலை. அக்டோபர் கடைசியில மஞ்சளாகிக் கொட்டுமே, அது. சாயர் மேடு தீப்பிடிச்சு ஆறு வருஷம் ஆச்சு. அங்க உயிரோட மரமே கிடையாது. வெர்ன், வண்டி நிக்கிற எடத்துலேருந்து ஓடையத் தாண்டாம நடந்து போற தூரத்துல லார்ச் எங்க இருக்கு?"

வெர்ன் கண்ணை மூடினார். முப்பது வருஷமாகச் சாமான் ஏற்றிய பாதைகள் எல்லாம் அந்த மூடிய இமைகளுக்குப் பின்னால் ஓடியிருக்க வேண்டும்.

"கெட்டில் பள்ளம்," என்றார். "ரெண்டு மணி நேர ஏத்தம். வடக்குப் பாத்த சரிவு. மிச்ச லார்ச் எல்லாம் ஓடைக்கு அந்தப் பக்கம்." கண்ணைத் திறந்தார். "ஆனா ஆபீசரம்மா, அந்தப் பள்ளம் ரெண்டு மைல் அகலம். உள்ள போனா தன் கையையே தேடணும், அவ்வளவு அடர்த்தி."

"அதான் கேலன் வேணும். படத்த நான் எடுத்துட்டுப் போறேன், டாட்."

அவர்கள் திரும்பியபோது பதினொன்றே முக்கால். கேலன் தேடலிலிருந்து திரும்பி வந்து, கூடாரத்தில் நனைந்த காலுறையை மாற்றிக்கொண்டிருந்தான். தோள் அகலமான மனிதன். முகம் இரண்டு நாளில் பத்து வயது கூடியிருந்தது. தோரா படத்தை அவன் மடியில் வைத்தாள். மஞ்சள் ஊசிகளின் மேல் விரலை வைத்தாள்.

கேலன் படத்தைப் பார்த்தான். பிறகு, காபி கெட்டிலோடு அப்படியே நின்றுவிட்ட அக்காவைப் பார்த்தான்.

"அங்க இல்ல அவரு," என்றான்.

"உனக்கு எப்படித் தெரியும்?"

"நேத்து விடியறதுக்கு முன்னாடியே போயிப் பாத்துட்டேன். இருட்டுல வழி தெரிய மரத்துக்கு மரம் அவரு அடிச்சு வெச்ச ஆணியப் பாத்துக்கிட்டே போனேன். டார்ச்சு அடிச்சா மின்னுமே, அந்த ஆணி. கடைசி ஆணி வரைக்கும் போனேன். ஆள் இல்ல. தடம் இல்ல. ஒண்ணுமே இல்ல. அப்போ அட்டையில எழுதினதுதான் நெசம்னு ஓடி வந்து இவங்களோட சேந்தேன். நான் என்ன, மச்சானச் சாவட்டும்னு விட்டவனா?"

ஆர்டிஸ் கெட்டிலை வைத்தாள். "எங்ககிட்ட ஏண்டா சொல்லல?"

"சொன்னா எடம் தெரிஞ்சிரும்க்கா. நான் எப்படிப் போனேன்னும் தெரிஞ்சிரும்." அவன் காலுறையைக் கையில் சுருட்டினான். "அவரு இருந்திருந்தா சொல்லியிருப்பேன். இல்லயே. இல்லாத ஆளுக்காக எதுக்கு எடத்தக் காட்டிக் குடுக்கணும்?"

தோராவுக்குள் நம்பிக்கை சரிந்தது. இடத்தைக் கண்டுபிடித்தாயிற்று. அந்த இடத்தில் ஆள் இல்லை. கடிகாரத்தைத் திருப்ப மறந்த ஞாயிறு மறுபடியும் வந்து எதிரே உட்கார்ந்த மாதிரி இருந்தது. இருந்தாலும், எப்போதும் போல, அடுத்த கேள்வியை நோட்டில் எழுதிவிட்டுக் கேட்டாள். எழுதாமல் கேட்டால் அவளுக்கு ஏதாவது விட்டுப்போகும்.

"பள்ளத்துல அவரு பேரச் சொல்லிக் கூப்பிட்டியா?"

கேலன் சுருட்டிய காலுறையைப் பிரித்தான்.

"கூப்பிட்டியா கேலன்?"

"இல்ல."

வெர்ன் சிரிக்கவில்லை. அவர் சிரிக்காதது இன்று அதுதான் முதல் முறை. "தொலைஞ்ச மனுஷனத் தேடப் போன எடத்துல, கூப்பிடாமயா வந்த?"

"பழக்கம்," என்றான் கேலன். காது மடல்கள் சிவந்திருந்தன. "அந்தப் பள்ளத்துக்குள்ள போனா வாயத் தொறக்கவே வராது. சத்தம் போட்டா மான் போயிரும்... முகட்டுல வேற யாரோ கூடாரம் போட்டிருந்தாங்க, அவங்களுக்குக் கேட்ரும்... எனக்குத் தோணவே இல்ல. சத்தியமா, இப்போ நீங்க கேக்கற வரைக்கும் தோணவே இல்ல."

தோரா எழுந்துவிட்டாள். "பூட்ஸப் போடு."

பள்ளத்துக்குள் இறங்கும்போது மணி இரண்டாகப் பத்து நிமிஷம். மேகம் மரத்தலைகளைத் தொட்டுக்கொண்டிருந்தது. கேலன் முன்னால், தோரா நடுவில், ஸ்ட்ரெச்சர் துணியும் கம்பளியும் சுமந்த ஜட்ஜோடு வெர்ன் கடைசியில். பகலிலும் ஆணிகள் தெரிந்தன, சட்டைப் பொத்தான் அளவு வெள்ளிப் பொட்டுகளாக. ஒவ்வொரு மரத்திலும் வலது பக்கம், ஆரினின் கண் உயரத்தில். ஆறடி மூன்றங்குல மனிதரின் கண் உயரம் தோராவுக்குக் கையை நீட்டித் தொட வேண்டிய உயரம்.

ஒரு பெரிய பாறையருகே ஆணிகள் வலப்பக்கம் திரும்பின. அங்கிருந்து இருபது ஆணி. கடைசி ஆணிக்கு அப்பால் வில்லோ புதர்கள், உறைந்த சேறு, வேறொன்றுமில்லை.

"இங்கதான் நின்னேன்," என்றான் கேலன். "பாத்தீங்களா? ஒண்ணுமில்ல."

"போன வருஷமும் இந்த எடந்தானா?"

கேலன் சுற்றிப் பார்த்தான். நெற்றி சுருங்கியது. "இருட்டுல ஆணியப் பாத்து வருவேன், இருட்டுல ஆணியப் பாத்துத் திரும்புவேன். மான் அடிச்ச எடத்துல சேறு இல்ல. நேத்து அவசரத்துல நான்..."

"மானே வராத எடத்துல முப்பத்தி நாலு வருஷம் உக்காந்திருக்காருன்னா, அவரு வேட்டைக்காரர் இல்ல, ஞானி," என்றார் வெர்ன்.

தோரா கடைசி மரத்தில் இருந்த ஆணியைக் கத்தி முனையால் நெம்பி எடுத்தாள். உள்ளங்கையில் வைத்துத் திருப்பினாள். தலை மட்டும் மின்னியது, தண்டு துருப்பிடித்திருந்தது. தண்டில் பழைய பிசின், கண்ணாடி மாதிரி இறுகி, கறுத்து. மரத்தைப் பார்த்தாள். ஓட்டை சுத்தமாக இருந்தது. சுற்றிலும் ஒரு துளி பிசின் இல்லை.

அடுத்த ஆணியையும் எடுத்தாள். அதுவும் அப்படியே. மூன்றாவதையும் எடுத்துப் பார்த்த பிறகுதான் வாயைத் திறந்தாள்.

"ஆணிக்கு வயசு பத்து. ஓட்டைக்கு வயசு ஒரு மாசம்கூட இருக்காது."

"அப்படின்னா?" என்றான் கேலன்.

"இது வேற மரத்துல இருந்த ஆணி. புடுங்கி இங்க அடிச்சிருக்காங்க."

"யாரு?"

தோரா அவனைப் பார்த்தாள். சொல்ல வேண்டியிருக்கவில்லை. கேலனின் முகத்தில் அது மெதுவாக ஏறியது. மூன்று வருஷம் ஒட்டுண்ணி மாதிரி பின்னால் வந்தவனைச் சேற்றுக்குக் கூட்டிப்போவதற்காக, ஒரு மனிதர் தன் பாதையையே பிடுங்கி வேறிடத்தில் நட்டிருக்கிறார்.

அவள் பாறைக்குத் திரும்பி ஓடினாள். இடப்பக்கம் முதல் மரம். ஆணி இல்லை. வலது பக்கம், கையை நீட்டித் தொடும் உயரத்தில், ஒரு சின்னத் துளை. அதிலிருந்து பிசின் ஒரு மணியாக வழிந்து இறுகியிருந்தது.

அடுத்த மரத்திலும் ஒரு துளை.

"மரங்கொத்தி வேலையா இருக்குமோ?" என்று தனக்குத்தானே கேட்டுக்கொண்டாள். சத்தமாகக் கேட்டுவிட்டாள்.

"ஆமா," என்றார் வெர்ன். "எல்லா மரத்துலயும் ஆரினோட கண் உயரத்துல அளவு நாடா வெச்சு ஒரே ஒரு கொத்து கொத்துற மரங்கொத்தி. நட ஆபீசரம்மா, நட!"

இப்போது அவர்கள் ஆணி இல்லாத மரங்களைப் பார்த்து நடந்தார்கள். ஒன்பது துளை. பத்து. பதினொன்றாவது கிடைக்கவில்லை. தோரா சுற்றிச் சுற்றி வந்தாள், மரத்துக்கு மரம் கையை நீட்டித் தடவினாள். காற்று எழுந்துவிட்டது. முதல் பனித்துகள் அவள் நோட்டின் மேல் விழுந்தது.

"கூப்பிடு," என்றாள் கேலனிடம்.

அவன் தொண்டையைச் செருமினான். உதடு அசைந்தது. சத்தம் வரவில்லை.

"கூப்பிடு கேலன்!"

"மச்சான்," என்றான், பக்கத்தில் இருப்பவரைக் கூப்பிடுகிற குரலில். அப்புறம் ஏதோ உடைந்து, பள்ளம் முழுக்க அதிர, "மச்சாஆஆன்!"

ஒரு காகம் எழுந்து பறந்தது. பிறகு, கீழே எங்கிருந்தோ, தகரத்தைக் கல்லால் தட்டும் சத்தம். டங். டங். டங்.

பாறை விளிம்புக்கு அடியில் ஆரின் டெக்கர் சுருண்டு கிடந்தார். உதடு நீலம். இடது கால் முழங்காலுக்குக் கீழே தவறான பக்கம் திரும்பியிருந்தது. கையகல நெருப்பு. கையில் ஒரு தகரக் குவளை. தோரா முட்டிபோட்டு நாடி பார்த்தாள். மெதுவாக, ஆனால் ஒழுங்காக ஓடியது.

அவர் கண்கள் அவளைத் தாண்டிப் பின்னால் தேடின.

"எத்தன பேரக் கூட்டிட்டு வந்தே?"

"மூணு பேருதான். கழுதையோட நாலு."

"கழுதை வெளிய சொல்லாது," என்றார் ஆரின்.

வெர்ன் கம்பளியைப் பிரித்தார். "ஜட்ஜுதான். தீர்ப்ப ஒத்தி வெச்சுரும்."

ஆரின் கேலனைப் பார்த்தார். கேலன் தொப்பியைக் கழற்றிக் கையில் பிடித்திருந்தான். ஆரின் முகத்தைத் திருப்பித் தோராவிடம் சொன்னார், ஒப்புதல் வாக்குமூலம் மாதிரி: "ஆணி இருந்தவரைக்கும் டார்ச்சு போதும். நானே புடுங்கிட்டேன். மனப்பாடம்னு நெனச்சேன். இருட்டுல ஒரே ஒரு மரம் தள்ளிப் போயி விளிம்புலேருந்து விழுந்துட்டேன். உதவி கேட்டு மூணு மூணா வானத்துல சுட்டும் பாத்தேன். சீசன்ல சுட்டா யாரு எண்ணுறா?"

தோரா காலுக்குக் கட்டை வைத்துக் கட்டினாள். இந்தக் காலோடு அவரைக் கழுதையில் ஏற்ற முடியாது. சரிவில் தூக்கிக்கொண்டு இறங்க எட்டுப் பேர் வேண்டும், மாற்றிக்கொள்ள இன்னும் எட்டு. அவள் ரேடியோவை எடுத்தாள்.

ஆரினின் கை அவள் மணிக்கட்டைப் பிடித்தது. பிடியில் பலம் இல்லை. "எடத்தச் சொல்லாத பொண்ணே. ரேடியோவ மாவட்டமே கேக்கும்."

"முப்பத்தோரு பேருக்கும் கண்ணக் கட்டியா கூட்டிட்டு வர முடியும்?" என்றார் வெர்ன்.

தோரா தயங்கினாள். உயிர்தான் முதல் என்று சட்டம் சொல்வது அவளுக்குத் தெரியும். மணிக்கட்டைப் பிடித்திருக்கும் இந்த மனிதருக்கு அதை எப்படிப் புரியவைப்பது என்றுதான் தெரியவில்லை. அந்தத் தயக்கத்தில் கேலன் ரேடியோவை அவள் கையிலிருந்து வாங்கிக்கொண்டான்.

"எல்லாருக்கும் சொல்றேன், கேலன் ப்ரூயிட் பேசறேன். மச்சான் உயிரோட இருக்காரு. கெட்டில் பள்ளம், பெரிய பாறைக்கு இடப்பக்கம். இது அவரோட எடம். போன வருஷ மானும் இங்க அடிச்சதுதான், சாயர் மேட்டுல இல்ல. திருட்டுத்தனமா பின்னால வந்து அடிச்சேன். நேத்தே சொல்லியிருக்கணும், சொல்லல. சீக்கிரம் வாங்க. பனி வந்துருச்சு."

பொத்தானை விட்டான். ஆரின் கண்ணை மூடிக்கொண்டார். மூடிய இமை ஓரத்தில் ஈரம். வலியாலா, முப்பத்தி நாலு வருஷம் ஒரே நிமிஷத்தில் போனதாலா என்று தோராவால் சொல்ல முடியவில்லை. அவள் அதை நோட்டில் எழுதவும் இல்லை.

அவர்கள் வந்தார்கள். பதினாறு பேர் தேவைப்பட்ட இடத்துக்கு, தேடிக்கொண்டிருந்த அத்தனை பேரும் வந்தார்கள். கொட்டும் பனியில், தோள் மாற்றித் தோள் மாற்றி ஸ்ட்ரெச்சரை இறக்கினார்கள். கேலன் மட்டும் யாருக்கும் தோள் மாற்றவில்லை. யாரும் அவனோடு பேசவில்லை. அவனை விலகச் சொல்லவும் இல்லை. வழியில் ஒருவர்கூட நிமிர்ந்து முகட்டைப் பார்க்கவில்லை என்பதை தோரா கவனித்தாள். எல்லாரும் தங்கள் பூட்ஸையே பார்த்துக்கொண்டு நடந்தார்கள்.

வண்டிகள் நிற்கும் இடத்தில் ஆம்புலன்ஸ் விளக்கு சுழன்றது. ஆர்டிஸ் ஸ்ட்ரெச்சரோடு ஓடி வந்தாள். ஆரின் அவள் கையைப் பிடித்துக்கொண்டு ஏதோ சொன்னார். தோராவுக்குப் பாதிதான் கேட்டது: "...அடுத்த வருஷம் கவர ஒட்டாம வைக்கிறேன்."

கேலன் கூடாரத்துக்குள் போனான். சட்டத்திலிருந்து படத்தை உருவி, மஞ்சள் ஊசிகளோடு அப்படியே அடுப்பில் போட்டான்.

வாரப் பத்திரிகையின் நிருபர் மேவிஸ் அப்போதுதான் வந்து சேர்ந்திருந்தாள். போன நவம்பரில் கடிகாரக் கதை எழுதியவள். ரேடியோவைக் கேட்கவில்லை, வழியில் பனியில் சிக்கியிருந்தாள். கையில் நோட்டு, காதுக்குப் பின்னால் பேனா.

"எங்க கிடைச்சாரு?" என்று பக்கத்தில் நின்றவனைக் கேட்டாள்.

"கோல்ட் ஓடை. இடது முகடு."

அடுத்தவனைக் கேட்டாள். "இடது முகடுதான், கோல்ட் ஓடை." அதற்கடுத்தவனும் அதையே சொன்னான், கையுறையைக் கழற்றிக்கொண்டே. மேவிஸ் பக்கத்தில் நின்ற வெர்னின் கால்களைப் பார்த்தாள்.

"தொடையளவு ஓடையத் தாண்டிட்டு நீங்க காஞ்ச காலோட நிக்கறீங்களே?"

"வேகமாத் தாண்டினேன்," என்றார் வெர்ன்.

மேவிஸ் ஷெரீப்பிடம் போனாள். லூபெக் வரைபடத்தை மடித்துக்கொண்டிருந்தார். "நீங்களாவது சொல்லுங்க ஷெரீப்." அவர் மடிப்பை இன்னொரு தடவை அழுத்தினார். "கேட்டீங்கல்ல? இடது முகடு."

கடைசியில் அவள் தோராவிடம் வந்தாள். முப்பத்தோரு பேரும் பேச்சை நிறுத்தினார்கள். ஜட்ஜ்கூடக் காதைத் திருப்பியது.

"தோரா, நீங்க எதையும் நிச்சயமாத் தெரியாமச் சொல்ல மாட்டீங்கன்னு எனக்குத் தெரியும். போன வருஷத்துக்கு அப்புறம் குறிப்பா." மேவிஸ் பேனாவை எடுத்தாள். "ஆரின் டெக்கர் எங்க வேட்டைக்குப் போனாரு?"

தோரா தன் நோட்டை மூடினாள். ரப்பர் வளையத்தை இரண்டு சுற்று சுற்றிச் சட்டைப்பையில் வைத்தாள். பொய் சொல்ல அவளுக்கு வராது. இன்றைக்கு அதற்கு அவசியமும் இல்லை.

"அதோ அவரு வண்டி. வைப்பருக்கு அடியில அட்டை இருக்கு," என்றாள். "அவரு கையெழுத்துதான். போயிப் படிச்சுப் பாருங்க."

மேவிஸ் வண்டிவரை நடந்துபோய், கையுறையால் கண்ணாடிப் பனியைத் துடைத்தாள்.